ஷாவோலினின் 36ஆம் அறை: படமும் அதன் சண்டை அமைப்பும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1978இல் ஹாங்காங்கின் ஷா பிரதர்ஸ் ஸ்டுடியோ வெளியிட்ட 'தி 36த் சேம்பர் ஆஃப் ஷாவோலின்' படத்தை முதல்முறை பார்ப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்களில் கதை முழுவதும் வந்துவிடும். முடிவு தெரிந்தால் கெட்டுப்போகிற படம் இல்லை இது. இருந்தாலும் முதலில் படத்தைப் பார்த்துவிட்டு வந்தால் நல்லது.

கதை என்ன?

சீனாவை மஞ்சுக்கள் ஆண்ட காலம். குவாங்சோ நகரில் லியு யூடே என்ற மாணவன் தன் ஆசிரியரோடு சேர்ந்து ஆட்சிக்கு எதிரான ரகசிய வேலைகளில் இறங்குகிறான். விஷயம் வெளியே தெரிகிறது. தளபதி தியென் தாவின் ஆட்கள் ஆசிரியர், நண்பர்கள், குடும்பம் என்று ஒருவரையும் விடுவதில்லை. காயத்தோடு தப்பும் யூடே, ஒரு காய்கறி வண்டியில் ஒளிந்து ஷாவோலின் மடத்துக்குள் வந்து விழுகிறான். சண்டை கற்றுக்கொண்டு போய்ப் பழிவாங்க வேண்டும், அவ்வளவுதான் அவன் திட்டம். மடமோ அவன் கையில் துடைப்பத்தைக் கொடுக்கிறது. ஒரு வருடம் பெருக்கிய பிறகுதான் பயிற்சி அறைகளின் கதவு திறக்கிறது. அதற்குள் அவன் பெயர் சான் தே என்று ஆகிவிடுகிறது.

மடத்தில் இருப்பது 35 அறைகள். எல்லாவற்றையும் முடித்த பிறகு, வெளியே இருக்கும் சாதாரண மக்களுக்குக் கற்றுத்தர 36ஆவது அறை ஒன்று வேண்டும் என்று கேட்கிறான். மடத்தின் சட்டம் அதற்கு இடம் தராது. அவனைத் தண்டித்து வெளியே அனுப்புவதுபோல் அனுப்புகிறார் தலைமைத் துறவி. உண்மையில் அது ஒரு வழியனுப்புதல். ஊருக்குத் திரும்பிச் சீடர்களைச் சேர்க்கிறான், தியென் தாவைத் தீர்க்கிறான், 36ஆம் அறையைத் தொடங்குகிறான்.

இயக்குநர் யார்? சண்டை அமைத்தவர் யார்?

இரண்டும் ஒரே ஆள்தான்: லாவ் கா-லியுங். படத்தின் குணமே இதிலிருந்துதான் வருகிறது.

ஸ்டண்ட் மாஸ்டர் ஒருவர் இயக்குநராவது இன்று பெரிய செய்தி இல்லை. அன்று ஹாங்காங்கில் அது புதிது. லாவ் பல வருடம் டாங் காய் என்பவரோடு ஜோடி சேர்ந்து ஷா பிரதர்ஸ் படங்களுக்குச் சண்டை அமைத்தவர். 1967இல் வந்த 'ஒன்-ஆர்ம்டு ஸ்வார்ட்ஸ்மேன்' தொடங்கி இயக்குநர் சாங் செவின் படங்களில் ஓடிய ரத்த ஆற்றுக்குப் பின்னால் இந்த இருவரின் உழைப்பு இருக்கிறது. 1975இல் சாங் செவிடமிருந்து பிரிந்து 'தி ஸ்பிரிச்சுவல் பாக்ஸர்' மூலம் இயக்குநரானார். பிரிந்த பிறகு அவர் எடுத்த படங்களைப் பார்த்தால் ஒன்று தெரியும்: சாவு குறைகிறது, பாடம் கூடுகிறது. அதே 1978இல் அவர் எடுத்த 'ஹீரோஸ் ஆஃப் தி ஈஸ்ட்' படத்தில் சண்டைக்கு மேல் சண்டை, ஆனால் ஒருவர்கூடச் சாவதில்லை.

அவர் குடும்பத்துக்கே குங்ஃபூ பரம்பரை உண்டு என்கிறார்களே?

உண்மைதான். லாவின் அப்பா லாவ் சாம், ஹுங் கா என்ற தென்சீனப் பாணியின் ஆசான். அவருடைய குரு லாம் சாய்-விங். லாமின் குரு வோங் ஃபேய்-ஹுங், 1925இல் இறந்த புகழ்பெற்ற மருத்துவர், ஜெட் லீயும் ஜாக்கி சானும் திரையில் நடித்துக்காட்டிய அதே வோங். வோங்குக்குக் கற்றுத்தந்தவர் அவருடைய அப்பா வோங் கேய்-யிங். அவருக்குக் கற்றுத்தந்தவர் லுக் ஆ-சோய் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரிசை.

இப்போது படத்துக்கு வாருங்கள். மடத்தை விட்டு வெளியே வரும் சான் தே சேர்த்துக்கொள்ளும் இளைஞர்களில் ஒருவன் பெயர் லுக் ஆ-சோய். இன்னொருவன் ஹுங் ஹேய்-குன், ஹுங் கா பாணியைத் தொடங்கியவராகச் சொல்லப்படுபவர். ஆக, இயக்குநர் எடுத்திருப்பது ஏதோ ஒரு பழிவாங்கும் கதை இல்லை. தன் கைக்கு இந்த வித்தை எந்த வழியாக வந்தது என்ற கதையை, அதன் புராணப் பகுதியிலிருந்து தொடங்கி எடுத்திருக்கிறார். 36ஆம் அறை திறக்காமல் போயிருந்தால் லாவ் குடும்பத்துக்குத் தொழிலே இல்லை!

லாவ் சாம் 1949இல் தொடங்கிய பழைய கறுப்பு வெள்ளை வோங் ஃபேய்-ஹுங் படவரிசையிலும் வேலை செய்தவர். மகன் சினிமாவுக்குள் நுழைந்ததும் அந்தப் படங்கள் வழியாகத்தான்.

சண்டைப் படம் என்கிறீர்கள். பாதிப் படம் பயிற்சியாகவே போகிறதே?

இந்தப் புகார்தான் அதிகம் வருகிறது. என் பதில்: அந்தப் பயிற்சிதான் சண்டை. எதிரி இடத்தில் சான் தேவின் உடம்பே நிற்கிறது.

சான் தே முதலில் எந்த அறையைக் கேட்கிறான் பாருங்கள். 35ஆவது அறை. மேலிருந்து தொடங்கினால் சீக்கிரம் முடியும் என்ற அவசரக்காரனின் கணக்கு. அங்கே மூத்த துறவிகள் சூத்திரம் ஓதிக்கொண்டிருக்கிறார்கள். ஒன்றும் புரியாமல் வம்பு செய்து வெளியே வந்து விழுகிறான். பிறகு அடியிலிருந்து ஆரம்பம்.

அடியில் இருப்பது சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகும் வழி. நடுவில் தண்ணீர்த் தொட்டி, அதில் மிதக்கும் மரக்கட்டைக் கட்டு. அதில் கால் வைத்துத் தாண்ட வேண்டும். மற்றவர்கள் சர்வசாதாரணமாகத் தாண்டிச் சாப்பிடப் போகிறார்கள். இவன் தண்ணீரில் விழுந்து நனைந்து நிற்கிறான். யாரும் பாடம் நடத்துவதில்லை. பசி நடத்துகிறது. ராத்திரியில் தனியாக வந்து, விழுந்து எழுந்து, உடம்பின் பாரத்தை எப்படிக் குறைத்து வைப்பது என்று அவனே கண்டுபிடிக்கிறான்.

அடுத்தது எல்லாருக்கும் நினைவில் நிற்கும் அறை. இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டி ஆளுக்கு இரண்டு வாளித் தண்ணீரைச் சரிவில் தூக்கிக்கொண்டு போக வேண்டும். மேல்கைகளில் கத்தி கட்டியிருக்கிறது. கத்தியின் முனை விலாவைப் பார்த்து இருக்கிறது. கை தாழ்ந்தால் தன் கத்தி தன்னையே குத்தும். இந்தக் காட்சியை லாவ் எடுத்த விதத்தைக் கவனியுங்கள். அவர் வலியை மட்டும் காட்டிவிட்டு நகர்ந்திருக்கலாம். ஆனால் தோளைக் காட்டுகிறார், முழங்கையைக் காட்டுகிறார், கை மெல்ல இறங்குவதைக் காட்டுகிறார், பிறகு முழு உருவத்தைக் காட்டுகிறார். எந்தத் தசை எதற்கு உழைக்கிறது என்பது குங்ஃபூ தெரியாதவனுக்கும் புரிந்துவிடும். சண்டைக் காட்சிக்கு உரிய அக்கறையோடு ஒருவன் தண்ணீர் தூக்குவதை எடுத்திருக்கிறார்.

அப்புறம் மணிக்கட்டு அறை. நீண்ட கழியின் நுனியில் பாரம். கழியின் மறுமுனையைப் பிடித்தபடி, துறவி ஒருவர் தட்டும் தாளத்துக்கு ஏற்ப மணியை அடிக்க வேண்டும். தாளம் வேகமெடுக்கும்போது கை ஓய்ந்துபோகிறது. கண் அறையில் இரண்டு பெரிய ஊதுபத்திகளுக்கு நடுவே முகம். முன்னால் ஆடும் விளக்கைத் தலை திருப்பாமல் கண்ணால் மட்டும் தொடர வேண்டும். திருப்பினால் கன்னம் சுடும். தலை அறையில் வரிசையாகத் தொங்கும் மணல்மூட்டைகளைத் தலையால் முட்டி விலக்கிக்கொண்டு போய் ஊதுபத்தி ஏற்றிக் கும்பிட வேண்டும். அந்த அறையிலிருந்து மொட்டைத் தலையில் கட்டோடு வெளியே வரும் துறவிகளைப் பார்த்தால் சிரிப்பு வரும். லாவ் சிரிக்கவும் விடுகிறார்.

35 அறையும் காட்டுவார்களா?

இல்லை. முதல் சில அறைகள் நிதானமாக வரும். கால், கைமுட்டி, வாள், கம்பு எல்லாம் அதன்பின் வேகமாக ஓடும். சரியான முடிவு. சான் தேவுக்குக் கற்கத் தெரிந்துவிட்டது என்று நமக்குப் புரிந்த பிறகு ஒவ்வொன்றையும் நிறுத்திக் காட்ட அவசியம் இல்லை.

சண்டை அமைப்பில் அப்படி என்ன விசேஷம்?

முதலாவது, முழு உடம்பும் பிரேமுக்குள் இருக்கிறது. ஷா பிரதர்ஸின் அகலத் திரையில் இரண்டு பேரையும் உச்சி முதல் பாதம் வரை நிறுத்தி, ஒரே ஷாட்டில் பல அடிகளைப் போகவிடுகிறார் லாவ். ஓங்கிய கையை ஒரு ஷாட்டிலும் வாங்கிய முகத்தை இன்னொன்றிலும் காட்டி ஒட்டவைக்கும் வேலை குறைவு. நடிகர்களுக்கு வித்தை தெரிந்தால்தான் இப்படி எடுக்க முடியும். டூப்பை மறைக்க இதில் இடமே இல்லை.

இரண்டாவது, நிறுத்தம். ஹாங்காங் சண்டைக்கு ஒரு நடை உண்டு: அசையாமல் ஒரு நிலை, பிறகு படபடவென்று சில அடிகள், மறுபடி அசையாமல் ஒரு நிலை. நின்று பார்க்கும் அந்த ஒரு கணம் இல்லாவிட்டால் எத்தனை அடி விழுந்தது, யார் கை ஓங்கியது என்று பார்வையாளனுக்குக் கணக்கு வைக்க முடியாது. சீன ஓபரா மேடையிலிருந்து வந்த பழக்கம் இது. இன்றைய பல படங்களில் கேமரா குலுங்கிக்கொண்டே இருப்பதைப் பார்த்துத் தலை சுற்றியவர்கள் இந்த நிறுத்தத்தின் அருமையைச் சட்டென்று உணர்வார்கள்.

மூன்றாவது, ஆயுதத்துக்கு ஆயுதம் நியாயம் இருக்கிறது. இதற்குத் தனிக் கேள்வியே வேண்டும்.

அந்த மூன்று துண்டுக் கம்பு சண்டை ஏன் இவ்வளவு பேசப்படுகிறது?

எல்லா அறைகளையும் முடித்தவனுக்கு ஓர் அறையின் தலைமைப் பொறுப்பைத் தர முன்வருகிறார் தலைமைத் துறவி. ஒழுங்கைக் கவனிக்கும் துறவி குறுக்கே நிற்கிறார்: என்னை ஜெயித்துவிட்டு எடுத்துக்கொள்ளட்டும் என்கிறார். நடித்தவர் லீ ஹோய்-சாங். அவர் ஆயுதம் இரட்டைக் குறுவாள், பட்டாம்பூச்சிக் கத்தி என்பார்கள். சான் தே தோற்கிறான். மறுபடி வருகிறான், மறுபடி தோற்கிறான்.

ஏன் தோற்கிறான் என்பதுதான் காட்சியின் அழகு. குறுவாள்காரனுக்கு வேண்டியது நெருக்கம். ஒரு வாளால் எதிராளியின் ஆயுதத்தை ஒதுக்கிவிட்டு, இன்னொரு வாளோடு உள்ளே நுழைந்துவிட்டால் நீள ஆயுதம் வைத்திருப்பவன் கதை முடிந்தது. கம்பின் நீளமே அவனுக்குச் சுமை. சிலம்பம் ஆடியவர்களுக்கு இது சொல்லாமலே புரியும்: எதிரி கம்பின் பாதி நீளத்துக்குள் வந்துவிட்டால் வீச இடம் இல்லை.

மூங்கில் தோப்பில் போராடும்போது அவனுக்குப் பிடிகிடைக்கிறது. கம்பை மூன்றாக்கிச் சங்கிலியால் இணைத்தால்? நடுத்துண்டைப் பிடித்தால் இரண்டு பக்கமும் இரண்டு குறுந்தடிகள். ஒரு முனையைப் பிடித்து வீசினால் முழு நீளக் கம்பு எட்டும் தூரம். மடக்கிப் பிடித்தால் கேடயம். வாளால் ஒரு துண்டைத் தடுத்தாலும் இணைப்பு மடங்கி அடுத்த துண்டு சுற்றிக்கொண்டு வந்து விழும். இணைப்புக்குள் வாளைச் சிக்கவைக்கவும் முடியும். இப்போது உள்ளே நுழைந்தாலும் அடி, வெளியே நின்றாலும் அடி. கடைசிச் சுற்றில் இந்த விடையைத்தான் அடி அடியாகப் போட்டுக் காட்டுகிறார்கள். வசனம் ஒன்றும் தேவைப்படுவதில்லை.

என் கணக்கில் இந்தப் படத்தின் உச்சக்காட்சி இதுதான். தியென் தாவோடு நடக்கும் கடைசிச் சண்டை இல்லை.

மூன்று துண்டுக் கம்பை உண்மையிலேயே சான் தேதான் கண்டுபிடித்தாரா?

அது படத்தின் கற்பனை. பழைய ஆயுதம்தான். சான் தே என்ற துறவியும் வரலாற்று மனிதர் என்பதைவிட நாட்டுப்புற நாயகர் என்பதே சரி. 1977இல் சாம்மோ ஹுங் எடுத்த 'தி அயர்ன்-ஃபிஸ்டட் மங்க்' படத்திலும் இதே துறவி வருகிறார்.

சான் தேவாக நடித்த கோர்டன் லியுவுக்கு நிஜமாகவே குங்ஃபூ தெரியுமா?

நன்றாகவே. சின்ன வயதிலிருந்து லாவ் சாமின் பள்ளியில் கற்றவர். லாவ் குடும்பம் அவரைப் பிள்ளையாக ஏற்றுக்கொண்டது. லாவ் கா-ஃபாய் என்ற பெயரும் அங்கிருந்து வந்ததுதான். பலர் நினைப்பதுபோல இயக்குநரின் உடன்பிறந்த தம்பி இல்லை. உடன்பிறந்த தம்பி லாவ் கா-விங். அவரும் சண்டைக் கலைஞர்தான்.

டைட்டில் ஓடும்போது ஸ்டுடியோ மேடையில் லியு தனியாகச் செய்யும் பயிற்சியைத் தாண்டிவிடாதீர்கள். கதைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. இந்த ஆளுக்கு நிஜமாகவே வித்தை தெரியும் என்று இயக்குநர் முன்கூட்டியே கொடுக்கும் சான்றிதழ் அது.

பிற்காலத்தில் 'கில் பில்' இரண்டு பாகங்களிலும் இரண்டு வெவ்வேறு வேடங்களில் வந்தார். வெள்ளைத் தாடியைத் தடவும் கொடூரக் குரு பாய் மேய் அவரேதான். மொட்டைத் தலையோடு கஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்ட பையனை, இருபத்தைந்து வருடம் கழித்துக் கற்றுக்கொடுக்கும் இடத்தில் உட்காரவைத்தது 'கில் பில்' இயக்குநர் டாரன்டினோவின் குறும்பு.

வில்லனாக வருபவரை எங்கோ பார்த்ததுபோல் இருக்கிறதே?

லோ லியே. 1972இல் 'கிங் பாக்ஸர்' படத்தின் நாயகன். அமெரிக்கத் தியேட்டர்களில் குங்ஃபூ அலையைக் கிளப்பிய முதல் சில படங்களில் அது ஒன்று. இங்கே அவருக்கு வேலை குறைவு. தியென் தா பாத்திரத்தை இன்னும் கொஞ்சம் எழுதியிருக்கலாம் என்பது என் வருத்தம்.

படத்தில் குறையே இல்லையா?

இருக்கிறது. மடத்தை விட்டு வெளியே வந்த பிறகு கதை ஓட்டமெடுக்கிறது. சீடர்கள் வரிசையாக வந்து சேருகிறார்கள், ஒவ்வொருவரும் யார் என்று மனதில் பதிவதற்குள் அடுத்தவர் வந்துவிடுகிறார். அரிசி ஆலையில் வேலை செய்யும் சீடனாக வரும் வோங் யூ மட்டும் கொஞ்சம் தேறுகிறார். பெண் பாத்திரம் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. மஞ்சுக்கள் எல்லாரும் கெட்டவர்கள், ஹான் சீனர்கள் எல்லாரும் நல்லவர்கள் என்ற கோடு அந்தக் காலப் படங்கள் பலவற்றிலும் போட்டதுதான்.

குரல் ஏன் உதட்டோடு ஒட்டவில்லை? அடிச் சத்தம் ஏன் மரத்தில் அடிப்பதுபோல் இருக்கிறது?

ஷா பிரதர்ஸ் படங்கள் அப்போது ஒலியில்லாமல் படமாக்கப்பட்டு, பின்னால் டப்பிங் செய்யப்பட்டவை. மாண்டரின் சீனமொழிப் பதிப்பில்கூட ஒட்டாமல் இருப்பது அதனால்தான். அடிச் சத்தங்களும் பின்னால் சேர்த்தவை. கொஞ்ச நேரத்தில் பழகிவிடும். சண்டையின் தாளத்தைப் பிடிக்க அந்தச் சத்தம் உதவவும் செய்கிறது.

ஷாவோலின் என்றாலே போதிதர்மர். படத்தில் அவர் வருகிறாரா?

கதையில் வரவில்லை. 'ஏழாம் அறிவு' வந்த 2011க்குப் பிறகு தமிழில் இந்தக் கேள்வி எழாமல் ஷாவோலின் பேச்சே இல்லை என்று ஆகிவிட்டது. தென்னிந்திய அரசன் ஒருவனின் மூன்றாவது மகன் என்று பழைய சீனக் குறிப்பு ஒன்று போதிதர்மரைச் சொல்கிறது. அவரைப் பாரசீகர் என்று சொல்லும், அதைவிடப் பழைய குறிப்பும் இருக்கிறது. காஞ்சிப் பல்லவ இளவரசர் என்பது நம் பக்கத்து வழக்கு. ஆனால் அவர்தான் துறவிகளுக்குச் சண்டை கற்றுக்கொடுத்தார் என்ற கதை அவருக்கு ஆயிரம் வருடத்துக்கும் மேல் கழித்து, 17ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட ஒரு பயிற்சி நூலிலிருந்து கிளம்பியது. சீன ஆய்வாளர் டாங் ஹாவ் 1930களிலேயே இதை உடைத்துக் காட்டிவிட்டார்.

ஷா பிரதர்ஸுக்கும் தமிழருக்கும் உறுதியான தொடர்பு வேறு இடத்தில் இருக்கிறது. இதே ஷா சகோதரர்கள் சிங்கப்பூர் ஜாலான் அம்பாஸில் மலாய்ப் படங்கள் எடுத்தபோது அவர்களுக்கு இயக்கியவர்களில் ஒருவர் எல். கிருஷ்ணன், சென்னையில் பிறந்து பினாங்கில் வளர்ந்தவர்.

ராப் பாடகர்கள் இந்தப் படத்தை ஏன் கொண்டாடுகிறார்கள்?

அமெரிக்காவில் 'மாஸ்டர் கில்லர்' என்ற பெயரில் மலிவு தியேட்டர்களிலும் டிவியிலும் ஓடிய படம் இது. அதைப் பார்த்து வளர்ந்த நியூயார்க் பையன்கள் வூ-டாங் கிளான் என்ற குழுவைத் தொடங்கி, 1993இல் தங்கள் முதல் ஆல்பத்தின் பெயரிலேயே 36 அறைகளைச் சேர்த்தார்கள். குழுவின் தலைவர் ரிஸா 2012இல் தானே ஒரு குங்ஃபூ படம் எடுத்து அதில் கோர்டன் லியுவை நடிக்கவைத்தார். அதிகாரத்தில் இருப்பவன் அடிக்க, ஏழைப் பையன் கற்றுக்கொண்டு எழும் கதை யாருக்குப் பிடிக்கும் என்று விளக்க வேண்டியதில்லை.

எந்தப் பதிப்பைப் பார்ப்பது?

செலஸ்டியல் நிறுவனம் 2000களில் ஷா பிரதர்ஸ் படங்களைச் சுத்தம் செய்து வெளியிட்டது. அந்தப் பதிப்பு, மாண்டரின் ஒலியோடு. இருபக்கமும் வெட்டிச் சதுரமாக்கிய பழைய டிவி பதிப்பு கிடைத்தால் விட்டுவிடுங்கள். மூன்று துண்டுக் கம்பின் ஒரு துண்டு திரைக்கு வெளியே போய்விடும்.

தொடர்ச்சி உண்டா?

இரண்டு. 1985இல் வந்த 'டிசைபிள்ஸ் ஆஃப் தி 36த் சேம்பர்' சுமார்தான். 1980இன் 'ரிட்டர்ன் டு தி 36த் சேம்பர்' கட்டாயம் பார்க்க வேண்டியது. பெயர்தான் தொடர்ச்சி, கதை வேறு. சாயப்பட்டறைத் தொழிலாளர்களைக் காப்பாற்றச் சான் தே என்று பொய் சொல்லிக்கொண்டு திரியும் ஒரு போலி ஆசாமியாக அதே கோர்டன் லியு. குட்டு உடைந்து நிஜ மடத்துக்குப் போகிறான். அவனை உள்ளே சேர்க்காமல், மடத்துச் சுவரைச் சுற்றி மூங்கில் சாரம் கட்டும் வேலையைக் கொடுத்துவிடுகிறார்கள். சாரத்தில் ஏறி நின்று உள்ளே நடக்கும் பயிற்சியை எட்டிப்பார்த்தபடி கயிறு முடிகிறான், மூங்கில் கட்டுகிறான். வேலை முடிந்து ஊருக்குப் போனால், மூங்கிலில் கயிறு கட்டும் அந்தக் கைவேலையே சண்டை வித்தையாகி இருக்கிறது. எதிரிகளைக் கட்டிப்போட்டே ஜெயிக்கிறான்.